சிறு செலவிற் பெருவலு: காற்றாற் குளிரும் பக்கி எஞ்சினுக்கு டேர்போ பூட்டுதல்

கொல்லன் உலைக்களத்தில் துருத்தி ஊதுபவன் கரியைக் கூட்டுவதில்லை, காற்றையே கூட்டுகின்றான். அதனாற் கறுத்துக் கிடந்த கரி சிவந்து பின் வெளுத்து, வலிய இரும்பையும் இளகச் செய்கின்றது. எரிதலுக்கு விறகு எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது காற்று என்பதை, ஒட்சிசன் என்னும் பெயர் வழங்குமுன்னரே கொல்லன் தன் தொழிலனுபவத்தால் அறிந்திருந்தான். அளவுக்கு மிஞ்சி ஊதினால் இரும்பே தீப்பொறி சிந்தி எரிந்து கெடும் என்பதையும் அவன் அறிவான்.

பெற்றோல் எஞ்சினும் ஓர் உலையே. அவ்வுலைக்கு ஒரு துருத்தியை அமைத்து, அத்துருத்தியை எஞ்சின் வெளியே தள்ளும் கழிவாயுவைக் கொண்டே இயங்கச் செய்தால், அதுவே டேர்போசார்ஜர் எனப்படும். மக்கள் அதனைச் சுருக்கமாக டேர்போ என்பர். இக்கருவியைக் காற்றாற் குளிரும் சிறிய எஞ்சின் ஒன்றிற்குக் குறைந்த செலவிற் பூட்டுதல் இயலுமா, இயலுமாயின் எவற்றிற் செலவைக் குறைக்கலாம், எவற்றிற் குறைத்தலாகாது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படும்.

பக்கி வண்டியின் தோற்றம்

பக்கி என்பது முற்காலத்திற் குதிரை பூட்டிய இலகு வண்டிக்கு வழங்கிய பெயர். அப்பெயர் இருபதாம் நூற்றாண்டின் இடையில் அமெரிக்காவின் கலிபோர்ணியாக் கடற்கரையில் மறுபிறவி எடுத்தது. மணல் மேடுகளில் ஏறி இறங்கி விளையாட விரும்பிய இளைஞர், பழைய மோட்டார் வண்டிகளின் மேற்கூட்டைக் களைந்து, அகன்ற சில்லுகளைப் பூட்டி ஓட்டினர். 1964ஆம் ஆண்டிற் புரூஸ் மேயர்ஸ் என்னும் படகு கட்டுநர், படகுக்குப் பயன்படும் கண்ணாடி நார்ப் பொருளால் இலகுவான உடலொன்றை அமைத்து, அதற்கு மேயர்ஸ் மாங்ஸ் எனப் பெயரிட்டார். பின்னர் வொக்ஸ்வாகன் பீற்றில் வண்டியின் அடித்தளத்தை ஏறக்குறைய 36 சென்ரிமீற்றர் குறுக்கி, அதன்மேல் இவ்வுடலைப் பொருத்தும் முறை பரவியது. 1967ஆம் ஆண்டில் மேயர்சும் ரெட் மாங்கெல்சும் இத்தகைய வண்டியொன்றில் மெக்சிக்கோவின் பாகா தீபகற்பத்தை 34 மணி 45 நிமிடத்திற் கடந்தனர். முன்னர் மோட்டார் சைக்கிளில் நிலைநாட்டப்பட்ட நேரத்தை இஃது ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தால் வென்றது.

இவ்வண்டிகளுக்கு வொக்ஸ்வாகன் எஞ்சினை விரும்பியமைக்குக் காரணங்கள் பல. அது மலிவானது, இலகுவானது, எங்கும் கிடைத்தது. அதற்கு நீர்த்தொட்டியும் இரப்பர்க் குழாய்களும் வேண்டா. நீர் கிடையாத பாலை நிலத்தில் நீரை வேண்டாத எஞ்சின் பெருஞ்செல்வம் அன்றோ. பீற்றில் வண்டி 2003ஆம் ஆண்டில் மெக்சிக்கோவில் உற்பத்தி நிறுத்தப்படும்வரை இரண்டு கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டமையால், அதன் உறுப்புக்கள் இன்றும் கிடைக்கின்றன.

ஆயினும் அவ்வெஞ்சினின் வலு சிறிது. பெரிதும் பயன்படும் 1,584 கன சென்ரிமீற்றர் எஞ்சின், ஜேர்மன் அளவை முறைப்படி ஏறக்குறைய 50 பரிவலுவையே தரும். மட்டமான வீதிக்கு இது போதும். ஆனால் மணலிற் சில்லு புதையும்போது அப்போதாமை புலப்படும். வலுவைக் கூட்ட விரும்புவோன் முன் இரு வழிகள் உள. ஒன்று, உருளையின் விட்டத்தை 85.5 மில்லிமீற்றரிலிருந்து 90.5 மில்லிமீற்றராக்கிக் கொள்ளளவை ஏறக்குறைய 1,776 கன சென்ரிமீற்றராக உயர்த்துதல். இதற்கு எஞ்சினை முற்றாகக் கழற்றி, பெட்டகத்தையும் தலைப்பகுதியையும் கடைந்தெடுத்தல் வேண்டும். மற்றையது, எஞ்சினின் உள்ளுறுப்புக்களை அவ்வாறே விட்டு, அதனுட் புகும் வளியை மிகுத்தல். இவ்விரண்டாம் வழியே டேர்போவின் வழி.

கருவியும் அதன் வரலாறும்

டேர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளில் இரு சிறு சில்லுகள் உள. ஒன்று கழிவாயுவின் வேகத்தாற் சுழலும் சுழலி. மற்றையது அச்சுழற்சியைப் பெற்று வெளிவளியை உறிஞ்சி, நெருக்கி, எஞ்சினுக்கு அனுப்பும் நெருக்கி. இத்தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேலும் சுழலவல்லது. புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சத்தியின் ஒரு பங்கை மீட்டெடுப்பதே இதன் சிறப்பு. எனினும் இஃது இலவசமாகக் கிடைப்பதன்று. சுழலி கழிவாயுவின் வழியை ஓரளவு மறிப்பதால், முசலம் அதனை வெளியே தள்ளுதற்குச் சிறிது அதிகமாக உழைத்தல் வேண்டும்.

இக்கருத்தைச் சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிற் பதிவுரிமை செய்தார். 1920களின் இடைப்பகுதியில் இரு ஜேர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்கள் இம்முறையால் 1,750 பரிவலுவிலிருந்து 2,500 பரிவலுவுக்கு உயர்த்தப்பட்டன. 1918ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சான்போட் மொஸ் என்பவர் விமான எஞ்சினொன்றைப் பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு, 14,000 அடிக்கு மேல், கொண்டு சென்று, காற்று ஐதான இடத்திலும் டேர்போ எஞ்சினின் வலுவைக் காக்கும் என மெய்ப்பித்தார்.

காற்றாற் குளிரும் மோட்டார் வண்டி எஞ்சினுக்கு இது புதியதன்று. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த செவ்ரொலே கோர்வெயர் மொன்சா ஸ்பைடர், ஆறு உருளைகளையுடைய காற்றாற் குளிரும் எஞ்சினில் டேர்போ பூட்டி 150 பரிவலுவைப் பெற்றது. 1970களின் நடுவில் வந்த போர்ஷே 911 டேர்போவும் காற்றாற் குளிர்ந்ததே. ஆகவே இயலுமா என்னும் வினாவுக்கு விடை முன்னரே கிடைத்துள்ளது. குறைந்த செலவில், நிலைத்து நிற்குமாறு இயலுமா என்பதே எஞ்சிய வினா.

ஓர் எளிய கணக்கு

மிகை அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் எனக் கொள்க. இது வளிமண்டல அமுக்கத்தின் ஏறக்குறைய பாதி. ஆகவே எஞ்சினின் வாயிலில் வளியமுக்கம் ஒன்றரை மடங்காகும். வலுவும் ஒன்றரை மடங்காகும் எனப் பலர் எண்ணுவர். அவ்வாறன்று. நெருக்கப்படும் வளி சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவதைச் சிறுவரும் அறிவர். சூடேறிய வளி விரியுமாதலின், அதே இடத்துள் அடங்கும் வளியின் திணிவு குறையும்.

வெளிவளியின் வெப்பநிலை 27 பாகை செல்சியசு, அதாவது தனிவெப்பநிலையில் 300 பாகை என்க. ஒன்றரை மடங்கு நெருக்கினால், குறையற்ற நெருக்கியில் வெப்பநிலை 37 பாகை உயரும். மெய்யான நெருக்கியின் திறன் நூற்றுக்கு 65 எனக் கொண்டால் உயர்வு 57 பாகையாகும். ஆகவே வளி எஞ்சினை அடையும்போது 84 பாகை, தனிவெப்பநிலையில் 357 பாகை. 1.5ஐ 300ஆற் பெருக்கி 357ஆற் பிரிக்க 1.26 கிடைக்கும். அமுக்கத்தை நூற்றுக்கு 50 கூட்டியும், வளியின் திணிவு நூற்றுக்கு 26 மட்டுமே கூடுகின்றது. 50 பரிவலு இக்கணக்கின்படி ஏறக்குறைய 63 ஆகும்.

நெருக்கிய வளியை எஞ்சினுக்குட் புகுமுன் ஒரு குளிராக்கியினூடு செலுத்தி 50 பாகைக்குக் குளிரச் செய்தால், அதே கணக்கு 1.39 எனத் தரும். அப்பொழுது வலு ஏறக்குறைய 70. குளிராக்கியிற் சிறிது அமுக்கம் இழக்கப்படுமாதலின் மெய்ப்பயன் இதனிற் சற்றுக் குறையும். இங்ஙனம் கணக்கிட்டு அறிதல் இரு வகையில் நன்மை தரும். ஒன்று, பெரும் பலனை எதிர்பார்த்து ஏமாறாமை. மற்றொன்று, பலன் போதாதென அமுக்கத்தை மேன்மேலும் கூட்டும் ஆசைக்கு இடங்கொடாமை. அமுக்கம் கூடக் கூட வெப்பமும் கூடும். அவ்வெப்பமே காற்றாற் குளிரும் எஞ்சினின் முதற் பகை.

வெப்பமே பகை

பெற்றோலிலுள்ள சத்தியிற் காற்பங்கு அளவே சில்லைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கழிவாயுவோடு போகின்றது. எஞ்சியது உருளைச் சுவர், தலைப்பகுதி, எண்ணெய் ஆகியவற்றைச் சூடாக்குகின்றது. எரியும் வளியும் பெற்றோலும் நூற்றுக்கு 26 கூடினால், அகற்றவேண்டிய வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். குளிர்த் தகடுகளோ கூடவில்லை, விசிறியும் பெரிதாகவில்லை.

நீரோடு ஒப்பிடின் காற்று வெப்பத்தைச் சுமப்பதில் மிக எளிய கூலியாள். ஒரு கன மீற்றர் நீர் ஒரு பாகை சூடேறுகையிற் கொள்ளும் வெப்பம், அதே கனவளவு காற்றுக் கொள்ளுவதைப் போல் ஏறக்குறைய 3,500 மடங்கு. ஆதலினாலேயே வொக்ஸ்வாகன் எஞ்சினில் விசிறியும், காற்றைச் சிதறவிடாது தகடுகளிடையே செலுத்தும் தகரக் கவசங்களும் அத்துணைக் கவனத்தோடு அமைக்கப்பட்டன.

ஈண்டு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. விசிறி எஞ்சினோடு பட்டியால் இணைக்கப்பட்டுள்ளது. ஆதலின் காற்றோட்டம் எஞ்சினின் சுழற்சி வேகத்தைப் பொறுத்ததேயன்றி, அது சுமக்கும் பாரத்தைப் பொறுத்ததன்று. சமவெளியில் விரைந்தோடும் எஞ்சின் மிகுந்த காற்றைப் பெறும். செங்குத்தான மணல் மேட்டில், உயர்ந்த கியரில், மெதுவாகச் சுழன்று, முழு வலுவோடு முயலும் எஞ்சின் மிகுந்த வெப்பத்தையும் குறைந்த காற்றையும் பெறும். டேர்போ பூட்டிய பக்கிக்கு இதுவே மிகக் கொடிய நிலை. தாழ்ந்த கியருக்கு மாற்றி எஞ்சினை விரைந்து சுழலவிடும் ஓட்டுநன், பொருட்செலவு எதுவுமின்றித் தன் எஞ்சினைக் காப்பவனாவான்.

பழைய எஞ்சின்களில் மூன்றாம் உருளை ஏனையவற்றிலும் அதிகம் சூடேறும். எண்ணெய்க் குளிராக்கி விசிறிக் கூண்டினுள் அவ்வுருளைக்குச் செல்லும் காற்றின் வழியில் நின்றமையே காரணம். 1971ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அக்குளிராக்கி ஒதுக்கி வைக்கப்பட்டு, அதற்குத் தனிக் காற்றுவழி அமைக்கப்பட்டது. டேர்போ பூட்ட எண்ணுவோன் இப்பிற்கால விசிறிக் கூண்டைத் தேடிப் பெறுதல் நலம். பழைய எஞ்சினுக்கும் அதனைப் பொருத்தலாம்.

பக்கி கட்டுவோர் பலர் செய்யும் பிழையொன்றுண்டு. எஞ்சின் அழகாகத் தோன்றுதற்பொருட்டுத் தகரக் கவசங்களைக் கழற்றி எறிவர். பீற்றில் வண்டியில் எஞ்சின் ஓர் அறையுள் இருந்து, மேலே குளிர்ந்த காற்றும் கீழே சுட்ட காற்றும் கலவாதவாறு தகரமும் இரப்பர் விளிம்பும் பிரித்தன. திறந்த பக்கியில் அப்பிரிவு இல்லை. கீழே தள்ளப்பட்ட சுடுகாற்று மேலேறி மீண்டும் விசிறியுட் புகும். டேர்போவும் அதன் செந்தழற் குழாய்களும் அவ்விடத்திற் சேர்ந்தால் நிலைமை மேலும் கெடும். எனவே கவசங்களை மீட்டுப் பொருத்துவதும், சுடுகுழாய்களை விசிறியின் வாயிலிலிருந்து மறைப்பதும் முதற் கடமைகள். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது, பயன் பெரிது.

பூட்டும் முறைகள்

டேர்போவைப் பழைய வண்டிகள் உடைக்கும் இடங்களிற் பெறுதலே செலவைக் குறைக்கும் வழி. கறெற் நிறுவனத்தின் ரி-3 என்னும் வகை சாப், வொல்வோ, டட்சன் 280இசட்எக்ஸ் முதலிய வண்டிகளில் 1970களின் பிற்பகுதி முதல் வந்தமையால், பக்கி கட்டுவோரிடையே அது பெருவழக்காயிற்று. எஞ்சினுக்கேற்ற பருமனைத் தெரிதல் வேண்டும். 1,584 கன சென்ரிமீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில், உருளைகள் நூற்றுக்கு 80 நிரம்பும் எனக் கொள்ளின், நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,530 இலீற்றர், அதாவது 3 கிலோகிராம் வளியை உட்கொள்ளும். பெரிய எஞ்சினுக்குரிய டேர்போவை இதற்குப் பூட்டினால், சுழலி விழித்தெழுவதற்குள் மணல் மேடு முடிந்துவிடும்.

பழைய டேர்போவை வாங்குமுன் தண்டைக் கையாற் பிடித்து அசைத்துப் பார்த்தல் வேண்டும். பக்கவாட்டிற் சிறிது அசைவு இயல்பு. முன்பின்னாக அசையின் அது தேய்ந்தது. இதழ்களின் விளிம்பிற் காயமும், சுழலிக் கூட்டில் வெடிப்பும் உளவா என நோக்கல் வேண்டும்.

காபரேற்றரை எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. அதனை நெருக்கிக்கு முன்னே வைத்தல் ஒரு முறை. இங்கே வளியும் பெற்றோலும் கலந்தே நெருக்கியினூடு செல்லும். கோர்வெயர் வண்டியில் இம்முறையே கையாளப்பட்டது. ஒரே காபரேற்றர் போதும். சாதாரண பெற்றோற் பம்பும் போதும். பெற்றோல் நெருக்கியினுள் ஆவியாகும்போது கலவையைச் சிறிது குளிர்விக்கவும் செய்யும். ஆனால் எரியத்தக்க கலவை நீண்ட குழாய்களை நிரப்பி நிற்குமாதலின் இடையிற் குளிராக்கி வைத்தல் தக்கதன்று. நெருக்கியின் வாயிலில் அமுக்கம் குறையும் வேளைகளில் எண்ணெய் உறிஞ்சப்படாதவாறு தண்டிற் காபன் அடைப்பு உள்ள டேர்போவே இதற்கு வேண்டும்.

காபரேற்றரை நெருக்கிக்குப் பின்னே வைத்தல் மற்றொரு முறை. இங்கே குளிராக்கி வைக்கலாம். காலால் மிதித்தவுடன் எஞ்சின் விடையளிக்கும். ஆனால் காபரேற்றரினுள் மிகை அமுக்கம் நிலவுமாதலின், பெற்றோலை அதற்கு மேற்பட்ட அமுக்கத்திற் செலுத்தல் வேண்டும். சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தல் போதுமெனின், 7 இறாத்தல் மிகை அமுக்கத்தின்போது 10 இறாத்தல் வேண்டப்படும். இவ்வாறு தானே உயரும் அமுக்கச் சீராக்கி இன்றேல், முழு வலு வேண்டும் கணத்திற் பெற்றோல் வற்றி, கலவை மெலிந்து, எஞ்சின் உருகும். மிதவையும் அமுக்கத்தால் நசுங்காத வகையினதாதல் வேண்டும். மூன்றாவது, இலத்திரன் முறையாற் பெற்றோலைச் சிவிறும் முறை. 2001ஆம் ஆண்டு முதல் கிடைக்கும் மெகாஸ்குவேட் போன்ற, தாமே பொருத்திக்கொள்ளத்தக்க சாதனங்கள் இதன் செலவைப் பெரிதும் குறைத்துள்ளன. எனினும் முதன்முறை முயல்வோனுக்கு நெருக்கியின் முன்னே ஒரு காபரேற்றர் என்னும் முறையே எளிது.

மிகை அமுக்கம் எல்லை கடவாதவாறு காக்கும் விடுவாயில் ஒன்று வேண்டும். வில்லொன்றால் மூடப்பட்டிருக்கும் இவ்வாயில், அமுக்கம் குறித்த அளவை எட்டியதும் மென்றகட்டின் தள்ளலாற் றிறந்து, கழிவாயுவின் ஒரு பங்கைச் சுழலியைத் தொடாது வெளியே போகவிடும். கோர்வெயரில் இவ்வாயில் இல்லை. குழாய்களின் இயல்பான தடையே அமுக்கத்தை மட்டுப்படுத்துமாறு பொறியியலாளர் கணித்து அமைத்தனர். அக்கணிப்பு இல்லாதவன் விடுவாயிலை ஒழித்துச் செலவைக் குறைக்க முயலுதல் தகாது.

எண்ணெயின் பணி

வொக்ஸ்வாகன் எஞ்சினில் எண்ணெய் 2.5 இலீற்றர் மட்டுமே. அது மசகிடும் தொழிலோடு குளிர்விக்கும் தொழிலையும் செய்கின்றது. அதனைத் தூய்மையாக்கக் கம்பி வலையொன்றே உண்டு, வடிகட்டி இல்லை. இவ்வெண்ணெயை டேர்போவின் போதிகைகளுக்கும் பங்கிடும்போது மூன்று ஏற்பாடுகள் வேண்டும். முழு எண்ணெயும் வடிகட்டியினூடு செல்லுதல், அடித்தொட்டியை ஆழமாக்கிக் கொள்ளளவைக் கூட்டுதல், வெளியே காற்றுப் படும் இடத்தில் மேலதிகக் குளிராக்கி ஒன்றை வைத்தல் என்பனவே அவை. எண்ணெயின் வெப்பநிலை 100 பாகையளவில் இருத்தல் நன்று. 120 பாகையைத் தாண்டினால் ஓட்டத்தை நிறுத்தல் வேண்டும்.

எண்ணெய் டேர்போவுட் புகுவது அமுக்கத்தால். வெளியேறுவதோ தன் பாரத்தால். ஆகவே டேர்போ எஞ்சினின் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருத்தல் வேண்டும். வடிகுழாய் அகன்று, வளைவின்றிக் கீழ்நோக்கி இறங்குதல் வேண்டும். இவ்விதியை மறந்து டேர்போவைத் தாழ வைத்தவர், வெண்புகை கக்கும் வண்டியைக் கண்டு டேர்போ பழுதென மயங்குவர். பழுது குழாயின் அமைப்பிலேயே உளது. ஓட்டம் முடிந்தவுடன் எஞ்சினை நிறுத்தாது ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிடுதலும் வேண்டும். இன்றேல் சூடான தண்டைச் சூழ்ந்து நின்ற எண்ணெய் கருகிக் கட்டியாகும்.

வெடித்தெரியும் இடர்

உருளையினுட் கலவை தீப்பொறியிலிருந்து ஒழுங்காகப் பரவி எரிதல் வேண்டும். வெப்பமும் அமுக்கமும் மிகுந்தால், தீச்சுவாலை சென்றடையுமுன்னரே எஞ்சிய கலவை ஒருங்கே தானாகத் தீப்பற்றும். ஓட்டுநர் இதனை நொக்கிங் என்பர். அவ்வேளை எழும் அதிர்ச்சி அலை முசலத்தின் மேற்பரப்பைக் காக்கும் வாயுப் படலத்தைக் கலைத்துவிட, அலுமினியம் உருகத் தொடங்கும். சிலுசிலுத்த ஓசை திறந்த பக்கியின் இரைச்சலிற் கேட்பதில்லை. சில விநாடிகளில் முசலம் துளைபடும்.

இதனைத் தடுக்கும் வழிகள் நான்கு. முதலாவது, நெருக்கல் விகிதத்தைத் தாழ வைத்தல். வொக்ஸ்வாகன் எஞ்சினின் 7.5க்கு 1 என்னும் இயற்கை விகிதமே இதற்கு ஏற்றது. போர்ஷே 911 டேர்போ முதலில் 6.5க்கு 1 என்னும் விகிதத்தையே கொண்டது. 1978ஆம் ஆண்டு மாதிரியிற் குளிராக்கி சேர்க்கப்பட்ட பின்னரே 7க்கு உயர்ந்தது. இரண்டாவது, கலவையைச் செறிவாக்குதல். ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு வளி என்பது முற்றெரிவுக்குரிய கணக்கு. மிகை அமுக்கத்தின்போது ஏறக்குறைய 12 பங்கு வளியே தக்கது. மூன்றாவது, தீப்பொறியைத் தாமதித்தல். முசலம் உச்சியை அடையுமுன் ஏறக்குறைய 30 பாகையில் நிகழும் தீப்பொறியை, சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் மிகை அமுக்கத்துக்கு ஒரு பாகை வீதம் பின்தள்ளுதல் அனுபவ விதி. 7 இறாத்தலுக்கு அது 23 பாகையாகும். கோர்வெயரில் அமுக்கத்தால் இயங்கும் மென்றகடு இதனைத் தானே செய்தது. நான்காவது, வெப்பத்தை விரைவாகக் கடத்தும் குளிர்ந்த வகைத் தீப்பொறிச் செருகிகளை இடுதல்.

எஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கும் ஆணிகளும் கவனிக்கத்தக்கன. அவை மகனீசியக் கலப்புலோகப் பெட்டகத்தில் முறுக்கப்பட்டவை. வெப்பமும் அமுக்கமும் மிகுந்தால் புரி இழுபட்டுக் கழன்றுவிடும். உருக்குப் புரியுறைகளை இட்டுப் பின் பூட்டுதல் வேண்டும். 8 மில்லிமீற்றர் ஆணிக்கு 18 அடி-இறாத்தலும், 10 மில்லிமீற்றர் ஆணிக்கு 23 அடி-இறாத்தலும் உரிய முறுக்கம். கசியுமென அஞ்சி மேலும் முறுக்குவோன், தான் அஞ்சிய தீங்கைத் தானே விளைவிப்பான்.

எதிற் சிக்கனம், எதில் உலோபம்

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. டேர்போவைப் பழையதாக வாங்கலாம். புகைக்குழாய்களை மெல்லிய உருக்கிற் றாமே ஒட்டலாம். பளபளக்கும் மூடிகளையும் நிறந்தீட்டலையும் விட்டுவிடலாம். முதல் முயற்சியில் வளிக் குளிராக்கியையும் தவிர்க்கலாம். இவை சிக்கனம். நான்கு உருளைகளின் நெருக்கல் அமுக்கத்தையும் சோதியாது தேய்ந்த எஞ்சினுக்கு டேர்போ பூட்டுதல், எண்ணெய் வடிகட்டியை ஒழித்தல், தீப்பற்றும் குழாய்க்கு மலிவான இரப்பரை இடுதல் என்பன உலோபம்.

எல்லாவற்றிலும் முதன்மையாகப் பணம் செலவிடவேண்டியவை அளவு கருவிகள். மிகை அமுக்கமானி, எண்ணெய் வெப்பமானி, தீப்பொறிச் செருகியின் அடியில் வைக்கும் வெப்பவிணை, கழிவாயுவின் ஒட்சிசனை அளக்கும் உணர்கருவி ஆகிய நான்கும் வண்டியை விரைவாக்குவனவல்ல. வண்டி எப்பொழுது அழிவை நோக்கிச் செல்கின்றது என்பதை அறிவிப்பன. தலைப்பகுதியின் வெப்பநிலை 200 பாகையை அணுகினாற் காலை எடுத்தல் வேண்டும். நோயாளியின் நாடியைப் பாராது மருந்தைக் கூட்டும் வைத்தியனுக்கும், மானியைப் பாராது அமுக்கத்தைக் கூட்டுவோனுக்கும் வேறுபாடில்லை. முதலில் மிகை அமுக்கமின்றி ஓட்டிக் கலவையைச் சீராக்கி, பின் 4 இறாத்தல், பின் 7 இறாத்தல் எனப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் செருகிகளைக் கழற்றி அவற்றின் நிறத்தை நோக்குதலே முறை.

உயிருக்கு நேரும் இடரையும் மறத்தலாகாது. பாரம் மிகும்போது சுழலிக் கூடு செந்நிறமாக ஒளிரும். அதனருகே பெற்றோற் குழாய் செல்லுதலும், கண்ணாடி நாராலான உடல் இருத்தலும் பேராபத்து. வெப்பத்தை மறைக்கும் தகடும், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைக்கும் கருவியும் வேண்டும். மகனீசியப் பெட்டகம் தீப்பற்றினால் அதன்மேல் நீரை ஊற்றுதல் தீயை வளர்க்குமேயன்றி அணைக்காது. வலுவைக் கூட்டியவன் தடையையும் ஆராய்தல் வேண்டும். 50 பரிவலுவுக்கு அமைந்த பழைய தடைகள் விரைவு மிகுந்த வண்டியை அதே தூரத்தில் நிறுத்தா. கியர்ப்பெட்டியும் தன் எல்லையை உடையது.

தன் வலியும் கருவியின் வலியும் அறிந்து வினை செய்தல் அரசர்க்கு மட்டும் உரிய அறமன்று. திருகாணி முறுக்குவோனுக்கும் அஃது உரியது. காற்றாற் குளிரும் சிறிய எஞ்சின், தன் தகடுகள் அகற்றவல்ல வெப்பத்துக்கு மேற்பட்ட வலுவை நெடுநேரம் தாராது. மேடு ஏறும் சில விநாடிகளுக்கு 63 பரிவலுவைத் தந்து, பின் இளைப்பாறிக் குளிர்ந்து, மீண்டும் தரும் எஞ்சின் பல்லாண்டு உழைக்கும். ஒரு பிற்பகலில் 100 பரிவலுவை விரும்பிய உரிமையாளனுக்கு மாலையில் எஞ்சுவது துளைபட்ட முசலமும், மறுபடியும் ஓர் எஞ்சினுக்குரிய செலவுமே. குறைந்த பொருளுடையவனுக்கு அவ்விரண்டாம் செலவைத் தவிர்ப்பதே உண்மையான சிக்கனமாம்.